திருத்தித் தராத வகுப்பு எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்பருவத்துப் பிள்ளைகளுக்காகக் கதை எழுத விரும்புவதாகவும், அதை முறையாகத் தமிழில் கற்றுத்தரும் நல்ல வகுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றும் வாசகி ஒருவர் சென்ற வாரம் தங்கள் நாளிதழின் இப்பகுதியில் எழுதியிருந்தார். அதே கேள்வியைச் சுமந்துகொண்டு மூன்று ஆண்டுகள் அலைந்தவள் நான். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் தங்கள் வழியாகச் சொல்லிவிட விரும்புகிறேன். கடிதம் சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 26 ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை நூலகப் பாடவேளையில் முண்டியடித்துக்கொண்டு புத்தகம் எடுக்கும் பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் அலமாரிப் பக்கமே திரும்புவதில்லை. பாடச்சுமை என்றும் கைப்பேசி என்றும் ஆசிரியர் அறையில் நாங்கள் காரணம் பேசிக்கொள்வதுண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, எடுத்த புத்தகத்தை இரண்டே நிமிடத்தில் திருப்பி வைத்துவிட்டு, "இதுல முயல் பேசுது டீச்சர். அந்தப் பக்கம் இருக்கறதுல எல்லாருக்கும் கல்யாணம் ஆயிடுச்சு" என்றாள். அதற்குப் பிறகு நான் கைப்பேசியைக் குறை சொல்வதைக் குறைத்துக்கொண்டேன்.

பெண்ணின் பருவங்களை ஏழாகப் பகுத்து, அவற்றுள் மடந்தைக்கு 14 முதல் 19 வயது வரை என்று கணக்கும் சொன்ன மரபு நம்முடையது. அந்த வயதுக்குப் பெயர் வைத்த மொழியில், அந்த வயதுக்கென்று நூலகத்தில் ஒரு தட்டு இல்லை. பள்ளிக் கல்வித் துறை நான்கு, ஐந்தாம் வகுப்பினருக்கு ‘ஊஞ்சல்’ என்றும், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலானவர்களுக்குத் ‘தேன்சிட்டு’ என்றும் இதழ்களைக் கொண்டுவந்தது உண்மையிலேயே நல்ல காரியம். ஆனால் பத்தாம் வகுப்பில் கால் வைக்கும் பிள்ளைக்கு அந்த இதழும் இல்லை. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்குத் தனியே பால சாகித்திய புரஸ்கார் விருது வழங்கி வருகிறது. அதன் பயனாகச் சிறார் நூல்கள் கூடியிருக்கின்றன, பதின்பருவத்தினரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சில நாவல்களும் கவனம் பெற்றிருக்கின்றன. எழுதியவருக்கு விருது இருக்கிறது. எழுத நினைப்பவர் போய் உட்கார ஒரு வகுப்பு இருக்கிறதா என்பதுதான் தங்கள் வாசகியின் கேள்வி.

நானே எழுதிப் பார்ப்பது என்று துணிந்து, பத்தாம் வகுப்புத் துணைத்தேர்வுக்குப் படித்துக்கொண்டே சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு வேலைக்குப் போகும் பையனின் கதையைத் தொடங்கினேன். முதுகலைத் தமிழ் படித்தவள், இத்தனை ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் என்ற தெம்பு இருந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் அது தீர்ந்தது. நன்னூலும் தண்டியலங்காரமும் படித்த காலத்தில் ஒரு கதை எழுதிக் கொண்டுவா என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

முதலில் நான் சென்றது சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒருநாள் பயிலரங்கு. கட்டணம் 1,500 ரூபாய். போக்குவரத்துச் செலவு தனி. குளிரூட்டிய அரங்கில் ஏறத்தாழ 120 பேர் இருந்தோம். காலையில் இருவர், மதியம் இருவர் என நால்வர் பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள். தத்தம் இளமைக் காலத்தையும், தாத்தா சொன்ன கதைகளையும், வாடகை நூலகத்தில் வாசித்த நாட்களையும் அவர்கள் நினைவுகூர்ந்தபோது அரங்கமே நெகிழ்ந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கும் ஒரே கதை பொருந்துமா, பொருந்தாது என்றால் எழுதும்போது எந்தெந்த இடத்தில் வேறுபடும் என்று நான் எழுந்து கேட்டேன். "மனசுல இருந்து எழுதுங்க மேடம், தானா வரும்" என்றார் மேடையில் இருந்தவர். கைதட்டினார்கள். மாலையில் சான்றிதழும் குழுப் படமும் கிடைத்தன. நாள் முழுவதும் அங்கே ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை.

இரண்டாவது, முப்பது நாள் இணையவழிப் பயிற்சி. இதில் எழுதத்தான் வேண்டியிருந்தது. நாள்தோறும் 500 சொற்களை வாட்ஸ்அப் குழுவில் பதிவிட வேண்டும். பதிவிட்ட மறு நிமிடமே ‘அருமை’, ‘சூப்பர் சகோ’, கைதட்டும் பொம்மை ஆகியவை வரிசையாக வந்து விழும். என் கதையில் ஐந்தாம் நாள் இறந்துபோன தாத்தா, பதினொன்றாம் நாள் என் கவனக்குறைவால் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். அன்றும் ‘அருமை’ என்றுதான் வந்தது. யாரும் படிக்கவில்லை என்பதை அந்தத் தாத்தா எனக்குக் காட்டிக் கொடுத்தார். முப்பதாம் நாள் முடிந்ததும், ஐ.எஸ்.பி.என். என்னும் பன்னாட்டு நூல் அடையாள எண்ணுடன் 100 படிகள் அச்சிட்டுத் தருவதற்கு 18,000 ரூபாய் என்று ஒரு திட்டம் வந்தது. அப்போதுதான் அந்த வகுப்பின் உண்மையான வியாபாரம் என்னவென்று விளங்கியது. (ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணம் இல்லாமலேயே தருகிறது என்பதைப் புதிதாக எழுத வருபவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.)

இந்த இரண்டு இடங்களையும் நான் மோசடி என்று சொல்லவில்லை. அங்கே சிலருக்கு ஊக்கம் கிடைத்திருக்கும், நண்பர்கள் கிடைத்திருப்பார்கள். வகுப்பு என்ற பெயரைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மாணவர் எழுதியதை வாங்கிப் படித்து, எந்த வரி ஏன் நிற்கவில்லை என்று குறித்துத் திருப்பித் தராத இடத்தைப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் வகுப்பு என்று சொல்வதில்லை.

மூன்றாவது இடம் தற்செயலாகக் கிடைத்தது. பக்கத்து ஊர்க் கிளை நூலகத்தின் மாடியில், மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பதினொரு பேர் கூடுகிறார்கள். நடத்துபவர் ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பவர். பதின்பருவத்தினருக்காக அவரே நான்கு நாவல்கள் எழுதியிருக்கிறார். விளம்பரம் விரும்பாதவர் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். நான்கே விதிகள். அந்த மாதம் வாசிக்கப்பட வேண்டிய பக்கங்கள் செவ்வாய்க்கிழமைக்குள் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். ஒருவருடைய பக்கங்கள் இரண்டாயிரம் சொற்களுக்கு மேல் போகக் கூடாது. மற்றவர்கள் பேசி முடிக்கும் வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. வெளியில் நின்று விளக்கம் சொல்ல நூல் ஆசிரியர் ஒவ்வொரு வாசகர் வீட்டுக்கும் போக முடியுமா என்பது நடத்துபவரின் கேள்வி. நான்காவது விதிதான் முக்கியமானது: ஒன்பது முதல் பதினோராம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் இருவர் அல்லது மூவர், பெற்றோரின் ஒப்புதலோடு, ஒவ்வொரு கூடுகையிலும் வாசகர்களாக உட்கார வேண்டும், முதலில் அவர்கள்தான் பேசுவார்கள்.

என் முதல் அத்தியாயம் படிக்கப்பட்ட நாளை மறக்க முடியாது. அச்சகத்திலிருந்து தாமதமாக வரும் பையனை அம்மா திட்டுகிறாள். அவன் தலையணையில் முகம் புதைத்து அழுகிறான். ‘அவனது உள்ளத்தில் சொல்லொணாத் துயரம் குடிகொண்டது’ என்று எழுதியிருந்தேன். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நெளிந்துகொண்டே சொன்னான்: "நாங்க அழ மாட்டோம் மிஸ். சோறு வேணாம்னு சொல்லிட்டுப் படுத்துக்குவோம். அப்புறம் பன்னெண்டு மணிக்கு எந்திரிச்சு, சத்தம் கேக்காம தட்டுல போட்டுச் சாப்புடுவோம்." பக்கத்திலிருந்த பெண், "அம்மா முழிச்சுத்தான் இருப்பாங்க. ஆனா தூங்குற மாதிரி இருப்பாங்க" என்று சேர்த்துக்கொண்டாள். இரண்டு பக்கத்தில் நான் அடுக்கியிருந்த துயரம் முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருந்தது. வீட்டுக்கு எடுத்துப் போன பிரதியில், சொல்லொணாத் துயரத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, ‘இவன் துணைத்தேர்வு எழுதுகிறவனா, தமிழ்த்துறை உதவிப் பேராசிரியரா?’ என்று சிறிய எழுத்தில் கேட்டிருந்தார் எங்கள் ஆசிரியர்.

இளையோர் புனைவில் நம்மைப் போன்றவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நாற்பது, ஐம்பது வயதில் உட்கார்ந்து எழுதும் நாம் பதினைந்து வயதைத் திரும்பிப் பார்த்து உருகுகிறோம். பதினைந்து வயதில் இருப்பவனுக்குத் திரும்பிப் பார்க்க எதுவும் இல்லை. நாளைக் காலையில் பேருந்து நிறுத்தத்தில் யார் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதே அவன் கவலை. ‘அந்த இனிய நாட்கள்’ என்ற தொனி ஒரு வரியில் வந்துவிட்டாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். இது எனக்குப் புத்தகம் படித்துத் தெரியவில்லை; அந்த மாடியில், ஆறேழு முறை அடிபட்ட பிறகு தெரிந்தது.

அடுத்த சிக்கல் பேச்சு. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இவ்வளவு இடைவெளி உள்ள நம் மொழியில் எந்த எழுத்தாளருக்கும் இது தொல்லைதான் என்றாலும், பதின்பருவத்துப் பாத்திரம் என்றால் தொல்லை இரட்டிப்பாகிறது. வீட்டில் ஒரு பேச்சு, ஆசிரியரிடம் ஒரு பேச்சு, கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழ் ஒன்று, நண்பர்களுக்குள் நாம் கேட்கக் கூடாத ஒன்று என்று ஒரே பிள்ளை ஒரே நாளில் நான்கு மொழி பேசுகிறது. இன்று புழங்கும் கொச்சையை அப்படியே எழுதினால் இரண்டு ஆண்டுகளில் நாவல் பழசாகிவிடும். தவிர்த்தால் பள்ளி ஆண்டு விழா நாடகம்போல் ஒலிக்கும். எங்கள் ஆசிரியர் இதற்குச் சூத்திரம் எதுவும் தரவில்லை. ஒரே உரையாடலை நான்கு விதமாக எழுதிவரச் சொல்லி, நான்கையும் பிள்ளைகளையே உரக்க வாசிக்க வைத்தார். வாசிக்கும்போது அவர்கள் நாக்கு எங்கே தயங்கியதோ அங்கே நான் கோடு போட்டுக்கொண்டேன்.

கதையை முடிக்கும் விதம் பற்றித்தான் பெரிய சண்டை நடந்தது. என் கதையில் தலைமையாசிரியர் ஒருவர் வந்து, பையனைத் தனியே அழைத்துப் பேசி, அவன் மனம் மாறுவதாக வைத்திருந்தேன். "இந்தக் கதையில தலைமையாசிரியர் எதுக்கு வர்றாரும்மா? அந்தப் பையன் கூப்பிட்டு வரலையே. நீங்க பேசணும்னு ஆசைப்பட்டிருக்கீங்க, அதான் வந்திருக்காரு" என்றார் ஆசிரியர். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த மாதம் போகவே இல்லை. பிறகு பழைய பிரதியை எடுத்து மீண்டும் படித்தபோது, கதையின் முக்கியமான முடிவுகள் மூன்றையும் பெரியவர்களே எடுத்திருப்பதைப் பார்த்தேன். பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான். தலைமையாசிரியரை எடுத்துவிட்டேன். துணைத்தேர்வுக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை என்ன செய்வது என்று பையனே ஒரு தவறான முடிவெடுத்து, அதன் விளைவை அவனே சுமக்கிறான். நாவல் அங்கிருந்துதான் நகரத் தொடங்கியது.

காதல், உடல், சாதி, வன்முறை ஆகியவற்றை இந்த வயதினருக்கு எழுதுவது பற்றியும் வகுப்பில் பேசியாக வேண்டும். பெரும்பாலான பயிலரங்குகளில் இதை ‘பொறுப்புணர்வோடு எழுத வேண்டும்’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு கடந்துவிடுகிறார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே கொண்டு பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் நடைமுறையில் இருக்கும் நாட்டில், பதினாறு வயதுப் பெண்ணின் காதலை எழுதுகிறவர் அச்சட்டம் என்ன சொல்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா? எங்கள் கூடுகைக்கு ஒருமுறை பள்ளி மனநல ஆலோசகர் ஒருவரை அழைத்து இரண்டு மணி நேரம் பேச வைத்தோம். அன்று நான் எழுதிக்கொண்ட குறிப்புகள், சென்னைப் பயிலரங்கில் கேட்ட நான்கு சொற்பொழிவுகளையும்விட எனக்கு உதவின.

எழுத்தைக் கற்றுத்தர முடியாது, அது தானாக வர வேண்டும் என்று சொல்லும் மூத்த எழுத்தாளர்களின் குரல் எனக்குக் கேட்காமல் இல்லை. என் கதையின் பையன் வேலை பார்ப்பது போன்ற அச்சகங்களில், இயந்திரத்தில் மை விடும் வேலைக்குக்கூட மாதக்கணக்கில் ஒருவர் பக்கத்தில் நின்று பழகித்தான் வருகிறார்கள். கலை தானாக வரலாம். கைவேலைக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது. அழ. வள்ளியப்பா முன்னின்று 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கிய தலைமுறைக்கு, சங்கக் கூட்டங்களும் சிறுவர் இதழ்களின் அலுவலகங்களுமே வகுப்பாக இருந்தன. அந்த இதழ்களில் பெரும்பாலானவை இப்போது இல்லை. கதையைத் திருத்தி அனுப்பும் இதழாசிரியரின் இடம் காலியாகவே கிடக்கிறது.

ஆகவே, தங்கள் வாசகி பணம் கட்டும் முன் சிலவற்றைக் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும். ஒரு குழுவில் எத்தனை பேர்? பதினைந்துக்கு மேல் என்றால் அவர்களால் படிக்க முடியாது. என் எழுத்தில் எத்தனை பக்கத்தை, யார், எப்போது படித்துத் தருவார்? நடத்துபவர் இந்த வயதினருக்கென்று என்ன எழுதியிருக்கிறார்? பெரியவர்களுக்கு எழுதிப் புகழ் பெற்றவர் என்பது இங்கே போதாது. பதின்பருவத்து வாசகர் யாராவது என் பக்கங்களைப் பார்ப்பார்களா? கடைசியாக, அச்சிட்டுத் தரும் திட்டம் ஏதேனும் பின்னால் காத்திருக்கிறதா? சான்றிதழைப் பற்றி அவர்களே முதலில் பேசினால் எழுந்து வந்துவிடலாம்.

ஊரில் வகுப்பு இல்லையே என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் 1997இல் சிறார், இளையோர் புனைவு எழுதுவதற்கென்றே இரண்டாண்டு முதுகலைப் படிப்பு ஒன்று தொடங்கப்பட்டது. அதில் ஆண்டுக்கு இருமுறை சில நாட்கள் நேரில் கூடுவது வழக்கமாக இருந்தது. மற்ற மாதங்களில் மாணவர் தம் பக்கங்களை அனுப்ப, வழிகாட்டும் எழுத்தாளர் நீண்ட கடிதமாகப் பதில் எழுதுவார். அஞ்சல்வழியில் பி.லிட். என்னும் தமிழ் இலக்கியப் பட்டம் படித்துத் தமிழாசிரியரானவர்கள் நிறைந்த நம் மாநிலத்துக்கு இந்த முறை புதிதும் அன்று, கடினமும் அன்று. நம் பல்கலைக்கழகங்களில் ஒன்றாவது முயன்று பார்க்கலாம்.

எங்கள் மாடி வகுப்புக்குத் தலைக்கு மாதம் 200 ரூபாய் தருகிறோம். தேநீருக்கும் நகலெடுப்புக்கும் அது சரியாகப் போய்விடுகிறது. ஆசிரியர் தமக்கென்று ஒரு ரூபாய்கூட எடுத்துக்கொள்வதில்லை. இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு உறுத்துகிறது. மாதந்தோறும் இருபதாயிரம் சொற்களைப் பென்சிலோடு படிக்கும் ஒருவருக்கு மதிப்பூதியம் தர வழியில்லாத ஏற்பாடு, அவர் உடம்புக்கு முடியாமல் போகும் நாளோடு நின்றுவிடும். 1948இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். மாவட்ட மைய நூலகங்களில் ஆண்டுக்கு ஒரு முறை, ஆறு மாத காலம், பன்னிரண்டு பேருக்கு, மதிப்பூதியம் பெறும் எழுத்தாளர் ஒருவரின் பொறுப்பில் இளையோர் புனைவு வகுப்பு நடத்துவது பெரிய செலவு அன்று. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் இதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. மாவட்டந்தோறும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களில் மாலை மேடைகள் பட்டிமன்றத்துக்கும் சொற்பொழிவுக்கும் போகட்டும்; காலை வேளையில் ஒரு சிறு அறையைக் கையெழுத்துப் பிரதி வாசிப்புக்கு ஒதுக்கினால் யாருக்கும் இழப்பில்லை. பொது நூலக இயக்ககம் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாக வேண்டிக்கொள்கிறேன். தங்கள் வாசகி எங்கள் பக்கத்தவர் என்றால், என் முகவரியை அவருக்குத் தெரிவிக்கலாம். பதினொரு பேரில் ஒருவர் பணிமாறுதலில் போகிறார். அந்த நாற்காலியை வாசகிக்காக வைத்திருக்கிறோம். அடுத்த இரண்டாம் சனிக்கிழமை என் ஒன்பதாம் அத்தியாயத்தின் முறை. செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். இன்னும் பாதிதான் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.